மூணு நிமிஷத் தோடி மலையேறின கதை

கர்நாடக சங்கீத ரெக்கோட் சேக்கிறவங்ககிட்ட எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா ஒரு லிஸ்ட் சொல்லுவாங்க, அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.), மதுரை மணி ஐயர், எம்.எஸ். சுப்புலட்சுமி, பட்டம்மாள்னு வரிசையா. நல்ல லிஸ்ட்தான், ஆனா அது மெட்ராஸ் சபா லிஸ்ட், கச்சேரி நடத்துற சங்கங்களோட லிஸ்ட். அத கையில வச்சிக்கிட்டு இலங்கை மலையகத்துல, ஹட்டன்லயோ பதுளையிலயோ ஒரு பழைய வீட்டு டிரங்குப் பெட்டிய தொறந்தீங்கன்னா "இதுல கிளாசிக்கல் ஒண்ணுமே இல்லையே"ன்னு மூடி வச்சிட்டு வந்திருவீங்க. உள்ள இருக்கிறது நாகஸ்வரம், நாடகப் பாட்டு, கொஞ்சம் சினிமா, பக்திப் பாட்டு, அடியில எங்கயாவது ஒரு கீர்த்தனை. நான் சொல்ல வாறது என்னன்னா அந்தப் பெட்டிதான் சரியான லிஸ்ட், நம்ம மலைக்கு சங்கீதம் எந்த வழியா ஏறி வந்துச்சுன்னு அதுதான் காட்டுது, அந்த வழியில போனாத்தான் இங்க உள்ளவனுக்குத் தேடவும் முடியும் கேக்கவும் முடியும்.

திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைன்னு அந்தப் பக்கத்துல இருந்து முதல்ல கோப்பித் தோட்டத்துக்கும் அப்புறம் தேயிலைக்கும் வந்த சனம், கூட கொண்டு வந்தது தப்பு, உருமி, காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை. டிக்கெட் வாங்கி நாற்காலியில உக்காந்து நாலு மணி நேரம் கச்சேரி கேக்கிற பழக்கம் தோட்டத்துல எப்படி வரும், விடிஞ்சா பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறது. ஆனா கோயில் இருந்துச்சு. தேர்த் திருவிழான்னா மேளம் வேணும், வசதி உள்ள கோயில்னா யாழ்ப்பாணத்துல இருந்தே நாகஸ்வர தவில் செட் வரும், மாத்தளை முத்துமாரியம்மன் தேர் மாதிரி பெரிய திருவிழாவெல்லாம் மேளம் இல்லாம யோசிச்சே பாக்க முடியாது. ராகம் பேர் தெரியாட்டியும் தோடியும் கல்யாணியும் காம்போதியும் காதுல ஏறினது அப்படித்தான், வீதியில நின்னு, ராத்திரியில, மார்கழிக் குளிர்ல கம்பளியப் போத்திக்கிட்டு.

கிராமபோன் வந்தப்ப அதுக்கு ஒரு பெரிய வசதி இருந்துச்சு, கரண்ட் வேணாம். சாவி குடுத்து சுத்தினா பாடும். லயத்துப் பக்கம், தோட்டத்து வரிசை வீட்டுப் பக்கம், கரண்ட் எட்டிப் பாக்க எத்தனையோ காலம் ஆச்சு, ஆனா பாட்டுப் பெட்டி ஆளுங்கள மேய்ச்ச பெரிய கங்காணி வீட்லயும் டவுன் கடைக்காரர் வீட்லயும் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்திருச்சு. வெள்ளைக்காரத் தொரை பங்களாவுலயும் இருந்துச்சு, அது வேற கதை, அங்க பீத்தோவனும், ஓபரா பாடின கரூசோவும். தோட்டங்கள அரசாங்கம் எடுத்தப்ப, 1975 வாக்குல, பங்களா சாமான் ஏலத்துல போன ரெக்கோட்டுங்க இன்னைக்கும் கண்டி, நுவரெலியா பழைய சாமான் கடைகள்ல அப்பப்ப தலை காட்டும்.

இந்த இரண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தா ஒரு விஷயம் வெளங்கும். 78 ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு, பத்து இஞ்சின்னா ஒரு பக்கத்துக்கு மூணு, மூணேகால் நிமிஷம், பன்னிரண்டு இஞ்சின்னா நாலு, நாலரை, அவ்வளவுதான் எடம். வெள்ளைக்காரன் அவன் சிம்பொனிய வெட்டிப் போட்டான். 1913ல ஆர்தர் நிக்கிஷ் பெர்லின் பில்ஹார்மோனிக்க வச்சி பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனிய முழுசா ரெக்கோட் பண்ணினப்ப நாலு தட்டு, எட்டுப் பக்கம் புடிச்சிச்சு, அரை மணி நேரம் கேக்க ஏழு தடவ எந்திரிச்சிப் போய்த் திருப்பணும். நம்ம ஆளுங்க வெட்டல, சுருக்கினாங்க. ராகத்த விரிக்கிற ஆலாபனை நாலு புடி, பல்லவி, அனுபல்லவி, ஒரே ஒரு சரணம், ஒரே வரிய விதவிதமா பாடுற நிரவல் கிடையாது, ஸ்வரம் இருந்தா ரெண்டு ஆவர்த்தனம், அதாவது ரெண்டு தாளச் சுத்து, எல்லாத்தையும் கொஞ்சம் வேகமா. இதத் தெரியாம "அந்தக் காலத்துல எல்லாம் அவசர அவசரமா பாடியிருக்காங்க"ன்னு சொல்றவங்கள எனக்குத் தெரியும். அவங்க அவசரம் இல்ல அது, தட்டோட அளவு. அதே வித்துவான் கச்சேரியில அதே கீர்த்தனைய முக்கா மணி நேரம் பாடியிருப்பார்.

இந்தியாவுல முதல் முதல்ல தட்டுக்குப் பதிவு நடந்தது 1902ல கல்கத்தாவுல, அதுல பாடினவங்கள்ல பாடகி கௌஹர் ஜானும் ஒருத்தர், பதிவு பண்ணினவர் பிரெட் கெய்ஸ்பெர்க். அந்தக் காலத்துத் தட்டுகள்ல பாட்டு முடிஞ்ச உடனே பாடினவங்களே தன் பேர இங்கிலீஷ்ல கத்திச் சொல்லுவாங்க, கேட்டா சிரிப்பு வரும், ஆனா காரணம் இருக்கு, தட்டு அச்சாகிறது ஜெர்மனியில ஹனோவர்ல, அங்க உள்ளவனுக்கு எது யார் பாடினதுன்னு எப்படித் தெரியும், லேபிள் மாறிடக்கூடாதே. மைக் வச்ச எலக்ட்ரிக் ரெக்கோடிங் 1925க்கு அப்புறம்தான். அதுக்கு முந்தி ஒரு குழாய்க்குள்ள தலைய விட்டு உரக்கப் பாடணும், கத்துற குரல்தான் தட்டுல விழும், வீணை மாதிரி மெல்லிசான சத்தமெல்லாம் பாதி காணாமப் போயிரும். வீணை தனம்மாள் வாசிச்சது 1932ல கொலம்பியா கம்பெனிக்குப் பதிவாச்சேன்னு சங்கீதக்காரங்க இவ்வளவு கொண்டாடுறதுக்கு இதுவும் ஒரு காரணம், அவங்க 1938ல போயிட்டாங்க, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா ஒண்ணுமே மிஞ்சியிருக்காது.

நாகஸ்வரத்துக்கு இந்தக் கஷ்டம் கிடையாது, அது வீதிக்குன்னே செஞ்ச வாத்தியம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடித் தட்டு இவ்வளவு தூரம் போனதுல அந்த நாதத்துக்கும் பங்கு இருக்கு. அதக் கேக்கிறப்ப ஒண்ணு கவனிங்க. தோடி மாதிரி ஒரு கடல்ல அவருக்குக் குடுத்தது ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கோயில்ல அவர் அத மணிக்கணக்குல வாசிக்கிறவர், ஆனா தட்டுல எங்கயும் மூச்சு முட்டின மாதிரி இருக்காது. முதல் சுவாசத்துலயே ராகம் முழுசா முன்னால வந்து நிக்கும், சுத்திச் சுத்தி வரமாட்டார், நேரா எடத்துக்குப் போய் ஒரு நீண்ட கார்வை, ஒரே ஸ்வரத்துல நிக்கிறது, அப்புறம் ஒரே சரமா ஒரு பிருகா, வேகமா உருளுற ஸ்வரக் கொத்து, பக்கம் முடியுதுன்னு அவருக்குத் தெரியும் நமக்குத் தெரியாது. தட்டுக்குன்னு வாசிக்கத் தெரிஞ்ச ஆள். முன்னாடி இருந்த திமிரி நாயனம், குட்டையான நாகஸ்வரம், நாலு கட்டை, அஞ்சு கட்டைன்னு கீச்சுன்னு இருக்கும் (கட்டை கூடினா சுருதி ஒசரம்), இவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிகிட்ட சொல்லி நீளமான பாரி நாயனம் செய்ய வச்சி ரெண்டு, ரெண்டரைக் கட்டைக்கு எறக்கினார், இன்னைக்கு எந்தக் கோயில்லயும் நீங்க கேக்கிறது அந்தச் சத்தம்தான்.

பெட்டியில அடுத்ததா இருக்கிறது நாடகப் பாட்டு. இதக் கிளாசிக்கல் இல்லன்னு ஒதுக்கிறவங்களோட எனக்கு ஒத்துப் போகாது. எஸ்.ஜி. கிட்டப்பாவோட "எவரனி" கேளுங்க, தியாகராஜர் கீர்த்தனை, நாடகக்காரர் பாடினதுன்னு சொல்லாம போட்டா எந்தச் சபாக்காரனும் வாயப் பொத்திக்கிட்டு கேப்பான். "காயாத கானகத்தே" நாடகப் பாட்டுத்தான், ஆனா அதுல விழுற பிருகாவுக்கு கச்சேரி மேடையில ஆள் தேடணும். 1933ல செத்துப் போனப்ப அவருக்கு 27 வயசு. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியா மேடை ஏறினது முதல்ல கொழும்புலதான், 1926 வாக்குல. நாடகக் கம்பெனிகளுக்கு இலங்கை ஒரு நல்ல சந்தை, அந்தப் பேரும் புகழும் ரெயிலேறி மலைக்கு வர எவ்வளவு நேரமாகும். அதுனாலதான் எங்க ஊர்ப் பெட்டிகள்ல அரியக்குடிய விட கிட்டப்பா ஜாஸ்தி.

எந்தப் பாட்ட அந்த வீட்ல ஆசையா கேட்டாங்கன்னு தட்டே சொல்லிரும். ஜன்னலோரம் கொண்டு போய் சாய்ச்சிப் புடிச்சிப் பாருங்க, கேக்காத பக்கம் கருகருன்னு மினுமினுக்கும், திரும்பத் திரும்பப் போட்ட பக்கம் சாம்பல் பூத்துப் போயிருக்கும், அதுலயும் உச்சத்துக்குப் போற எடத்துல வட்டமா ஒரு வெளுப்பு. இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒண்ணுன்னு மாத்தணும், ஊசி டப்பா வாங்கவே காசில்லாதவன் ஒரே ஊசிய வச்சி ஒரு மாசம் ஓட்டியிருப்பான், ஊசி மழுங்கி ஓரம் கூரா வந்து பள்ளத்த சொரண்டியிருக்கும். வெலைக்குக் குடுக்கிறவங்க மினுமினுக்கிற தட்டத்தான் தேடுவாங்க. எனக்கு சாம்பல் பூத்ததுதான் பெருசு.

தட்டுல ரெண்டு நம்பர் இருக்கும்னு நெறையப் பேருக்குத் தெரியாது. லேபிள்ல அச்சடிச்சிருக்கிறது கம்பெனி விக்கிற நம்பர். லேபிளுக்குப் பக்கத்துல பள்ளம் முடியிற வெறும் எடத்துல அமுக்கி எழுதின மாதிரி இன்னொரு நம்பர் இருக்கும், அது அந்தப் பக்கத்தப் பதிவு பண்ணினப்ப விழுந்தது. விக்கிற நம்பர் மாறும், கம்பெனி கை மாறும், லேபிள் கலர் மாறும், இது மாறாது. ரெண்டு தட்டு ரெண்டு விதமான லேபிளோட இருந்தாலும் உள் நம்பர் ஒண்ணுன்னா அதே பதிவுதான், அரிய தட்டுன்னு சொல்லி யாராவது பெரிய வெல சொன்னா முதல்ல அதப் பாருங்க.

இப்ப ஒரு ஓட்டை. மலையகத்துப் பெட்டிகள்ல நான் பாத்த வரைக்கும் 78 இருக்கும், அப்புறம் நேரா கசட் இருக்கும், நடுவுல எல்.பி., மெதுவா சுத்தி ரொம்ப நேரம் பாடுற தட்டு, ரொம்பக் கம்மி. கர்நாடக சங்கீதத்துக்கு எல்.பி.தான் பெரிய திருப்பம், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல வருது, முதல் முறையா ஆலாபனை, நிரவல், தனி ஆவர்த்தனம்னு கொஞ்சம் நிதானமா வாசிக்க எடம் கெடைச்சிச்சு, லால்குடி ஜெயராமன், என். ரமணி, ஆர். வெங்கட்ராமன் மூணு பேரும் வயலின், புல்லாங்குழல், வீணைன்னு சேந்து வாசிச்சதெல்லாம் அந்தக் காலந்தான். அது இங்க வராமப் போனதுக்குக் காரணம் சங்கீத ரசனை இல்ல. 1964ல, தோட்டத்துச் சனத்துல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்புற சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி லட்சக்கணக்கான சனம் தலைமன்னார்ல கப்பலேறுது, குடும்பம் ரெண்டாப் பிரியிற நேரத்துல ரெக்கோட் யாரு வாங்குவா, இருந்ததயே அக்கம்பக்கத்துல குடுத்திட்டுப் போனாங்க, கையில ஒரு டிரங்குப் பெட்டியோட போறவன் கல்லு மாதிரி கனக்கிற தட்டுகள எப்படித் தூக்குவான். அதோட 1970ல இருந்து 77 வரைக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு, பாணுக்கே, அதான் ரொட்டிக்கே, க்யூ. அப்புறம் 77லயும் 81லயும் 83லயும் தமிழருக்கு எதிரான கலவரத்துல எரிஞ்ச கடைகளுக்குள்ளயும் வீடுகளுக்குள்ளயும் என்னென்ன இருந்துச்சுன்னு யாரும் கணக்கு எடுக்கல.

77க்கு அப்புறம் பொருளாதாரத்தத் தொறந்து விட்ட உடனே டூ இன் வன், ரேடியோவும் கசட் ரெக்கோடரும் சேந்த பெட்டி, வந்து குவிஞ்சிச்சு, கொஞ்ச காலத்துல மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அக்காமார் கொண்டு வந்தது இன்னும் ஜாஸ்தி. இங்கதான் மலையகத்தோட சொந்தக் கலெக்ஷன் ஆரம்பிக்குதுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா முதல் முறையா நம்மளே பதிவு பண்ணலாம். ரேடியோவ வச்சி எடுத்த கசட் ஒரு பக்கம், ஆகாசவாணியோட சங்கீத நேஷனல் புரோகிராம் 1952ல இருந்து சனிக்கிழமை ராத்திரி வரும், மீடியம் வேவ் ராத்திரியிலதான் ரொம்ப தூரம் போகும், பகல்ல அலைகள உறிஞ்சிக்கிற அடுக்கு வானத்துல ராத்திரி இருக்காது, மலை உச்சியில இருக்கிற வீட்ல திருச்சி ஸ்டேஷன் பக்கத்து லயத்துல பாடுற மாதிரி கேக்கும், அஞ்சு நிமிஷத்துல மங்கிப் போய் திரும்ப வரும். ஒரு கசட்ல சத்தம் இப்படி மெதுவா அலை மாதிரி ஏறி எறங்கினா அது ரேடியோவுல எடுத்தது, தயங்காம சொல்லலாம். இலங்கை வானொலியும் கொஞ்சம் நஞ்சம் குடுக்கல, சினிமாப் பாட்டுக்குப் பேர் வாங்கின அளவுக்கு அதோட நாகஸ்வர, கர்நாடக இசை நிகழ்ச்சிகளப் பத்தி யாரும் பேசுறதில்ல.

இன்னொரு பக்கம் திருவிழாவுல எடுத்த கசட். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அப்ப தோட்டத்துக் கோயில்ல கரண்ட் இருக்காது, பேட்டரி போட்டுப் பதிவு பண்ணியிருப்பாங்க, மேளம் நீள நீள பேட்டரி எறங்கும், எறங்க எறங்க டேப் மெதுவா ஓடும். அத இன்னைக்கு நல்ல கரண்ட்ல போட்டா வேகம் சரியா ஓடும், ஆனா சுருதி ஏறிக்கிட்டே போகும், ஆரம்பத்துல ரெண்டரைக் கட்டையில இருந்த நாயனம் பக்கம் முடியிறப்ப மூணு, நாலுக்கு வந்திருக்கும், தவில்காரர் பேய் புடிச்ச மாதிரி வாசிப்பார். கம்ப்யூட்டர்ல சரி பண்ணலாம், ஆனா மொத்தமா ஒரே அளவு குறைச்சா ஆகாது, கொஞ்சங் கொஞ்சமா எறக்கணும்.

வேகம் பத்தி பேசிட்டே போகலாம். 78ன்னு பேர்தானே ஒழிய பழைய தட்டுகள் 75ல இருந்து 80க்கு மேலயும் பதிவாகியிருக்கு. 78ல பதிவானத 82, 83ல சுத்தினா அரைக் கட்டை ஏறிரும். யூடியூப்ல கெடக்கிறதுல பல இப்படித்தான், பாடினவர் குரலே மாறிப் போயிருக்கும். நாகஸ்வரம்னா பாரியா திமிரியான்னு பாத்து ஓரளவு புடிக்கலாம். பாடினதுன்னா சிக்கல், ஆம்பளக் குரல் ஒண்ணு, ரெண்டு கட்டைன்னு வச்சி எறக்கப் போனீங்கன்னா கிட்டப்பா மாட்டிக்குவார், மைக் இல்லாத மேடையில கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னு அஞ்சு, அஞ்சரைக் கட்டையில பாடினவர் அவர். அதுனால குரல விட்டுட்டு மூச்ச கேளுங்க, சொல் உச்சரிப்ப கேளுங்க, "ர"வும் "ழ"வும் நாக்குல நிக்க நேரம் இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி வேகம் ஜாஸ்தி.

நம்ம மலைக்கு இன்னொரு எதிரி ஈரம். நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், வருஷம் பூரா மிஸ்ட், பூஞ்சணத்துக்கு இத விட சொர்க்கம் எங்க. 78 தட்டு அரக்குல செஞ்சது, ஒரு பூச்சி கக்கிற பிசின், அத ஸ்பிரிட் போட்டுத் தொடச்சா மேல்ப்பக்கம் கரைஞ்சே போயிரும், தட்டு போயிருச்சுன்னு வச்சிக்குங்க. ரெண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணி, மெல்லிசான துணி, லேபிள்ல தண்ணி படாம தொடச்சி நிமித்தி வச்சிக் காய விடுங்க. அடுக்கிப் படுக்க வைக்காதீங்க, நிமித்தி வைங்க, பழைய கடுதாசி உறைய மாத்துங்க, அதுதான் ஈரத்தப் புடிச்சி வச்சிருக்கு. எல்.பி. ஊசிய 78ல போடாதீங்க, மெல்லிசு, பள்ளத்தோட அடியில கெடக்கிற குப்பையத்தான் அது பாடும். கசட்ல ஜன்னல் வழியா வெள்ளையா தெரிஞ்சா பூஞ்சணம், அத அப்படியே பிளேயர்ல போட்டா அடுத்து போடுற எல்லாக் கசட்டுக்கும் பரப்பி விட்டுரும்.

சரி, தேடி எடுத்தாச்சு, எதக் கேக்கிறது. பேர் பேரா போறத விட சொந்தம் புடிச்சிப் போங்க. ராஜரத்தினம் பிள்ளையோட தோடியக் கேட்டீங்களா, அடுத்து அவர் சிஷ்யர் காருக்குறிச்சி அருணாசலம், எங்க குரு தெரியுறார் எங்க இவர் வேற ஆள்னு ரெண்டு மூணு தடவ கேட்டா தானா வெளங்கும், 1962ல வந்த கொஞ்சும் சலங்கை படத்துல எஸ். ஜானகியோட சேந்து வாசிச்சவர்னு சொன்னா எங்க ஊர் ஆயாவுக்குக் கூடத் தெரியும். தோடி காதுல ஒக்காந்த பெறகு ஒரு பாடகரோட தோடிக்குப் போங்க, இப்ப சபா லிஸ்ட் உங்களுக்குப் பயமா இருக்காது. ஜி.என்.பி.யக் கேட்டா எம்.எல். வசந்தகுமாரி, அங்க இருந்து சுதா ரகுநாதன். மதுரை மணி ஐயர்னா தட்டத் தேடாதீங்க, அவர் சுகமெல்லாம் பெரும்பாலும் கச்சேரியில எடுத்த டேப்புலதான். மகாராஜபுரம் சந்தானத்தோட கசட் நம்ம பக்கத்துல நெறைய வீட்ல இருக்கு, அவர் யாழ்ப்பாணத்துல இராமநாதன் இசைக் கல்லூரிக்கு அதிபரா இருந்தவர், இலங்கைக்குப் புதுசு இல்ல.

எனக்குக் கேட்டா இங்க உள்ளவங்க உண்மையிலேயே தேட வேண்டியது ஒண்ணு இருக்கு, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியோட தவில். 1933ல பொறந்து 1975ல போயிட்டார், தமிழ்நாட்டுப் பெரிய நாகஸ்வரக்காரங்களே கூப்பிட்டு வாசிச்ச கை. கம்பெனிக்காரங்க பதிவு பண்ணினது கொஞ்சம், கோயில்ல யாராவது தனியா எடுத்த டேப்தான் மிச்சம், அளவெட்டி என்.கே. பத்மநாதன் நாகஸ்வரமும் அதே மாதிரி. அப்படிப்பட்ட டேப் மலையகத்துல இருக்க வாய்ப்புள்ள எடம் பழைய ஸ்பீக்கர் செட்காரர் வீடுகள். காலையில சீர்காழியோட "விநாயகனே"யும் எம்.எஸ். சுப்ரபாதமும் குழாய் ஸ்பீக்கர்ல போட்டவங்க, ராத்திரி மேளம் வாசிக்கிறப்ப மைக் வச்சவங்களும் அவங்கதானே, சில பேர் ஒரு வயர இழுத்து டேப்லயும் போட்டு வச்சாங்க. டவுன்ல அப்படி ஒரு அண்ணன்கிட்ட பேச்சுக் குடுத்தப்ப, "பாட்டு கசட் எல்லாம் போத்தல் பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சு தம்பி, மேளக் கசட் மட்டும் குடுக்கல, அதுல எங்க அப்பா பேசுறது விழுந்திருக்கு"ன்னார். அந்த மாதிரி கசட்ட வெல பேசாதீங்க. லெப்டொப்பையும் ஒரு நல்ல பிளேயரையும் அவங்க வீட்டுக்கே தூக்கிட்டுப் போய் அங்கயே கொப்பி எடுங்க, எடுக்கிறதுக்கு முந்தி கசட்டோட ரெண்டு பக்கத்தையும் கவரையும் போட்டோ புடிங்க, எந்தக் கோயில், எந்த வருஷத் திருவிழா, யார் நாயனம்னு அவங்க சொல்றத போன்ல பதிவு பண்ணி அந்த பைலோடயே வைங்க. விருப்பம்னா ஒரு கொப்பிய நூலகம் நிறுவனத்துக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்கலாம், இலங்கைத் தமிழ் ஆவணங்கள அவங்க சேத்து வைக்கிறாங்க, பேப்பர் மட்டும் இல்ல ஒலியும். வேணாம்னு சொன்னா விட்டுருங்க, அவங்க கசட் அது.